கைப்பெட்டியும் காதுவழிச் செய்தியும்

பதுளைக் கடைத்தெருவிலே பிரயாணப் பெட்டி விற்கும் கடைகளின் வாசலில், சக்கரம் பூட்டிய சிறு பெட்டிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றின் கைப்பிடியிலே ஓர் அட்டை தொங்கும். ‘கேபின் சைஸ்’ என்று ஆங்கில எழுத்திலும், ‘20 அங்குலம்’ என்று இலக்கத்திலும் அதிலே அச்சிட்டிருக்கும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குவைத்துக்கோ துபாய்க்கோ முதன்முறையாகப் புறப்படும் பெண் அந்த அட்டையை அரசாங்கப் பத்திரம் போல நம்பிப் பெட்டியை வாங்குகிறாள். கடைக்காரர் மீது குற்றமில்லை. அவருக்கும் அதனை எங்கோ ஒரு தொழிற்சாலையிலே ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆயினும் அது எந்த விமானத்தின் அளவு, யார் வகுத்த அளவு என்று கேட்டால், அட்டையும் பேசாது, கடைக்காரரும் பேசமாட்டார்.

பதுளை, மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம். 1924ஆம் ஆண்டு இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் செல்ல வழியில்லாமல் மலைகளின் நடுவே நின்றுவிட்டது. அன்றுமுதல் ஊவாவின் தோட்டத்து மக்கள் வெளியுலகுக்குப் போகும் வாசல் இந்த நிலையமே. புகையிரதம் ஒரு தாராள மனம் படைத்த வாகனம். றங்குப் பெட்டியோ, சாக்கு மூட்டையோ, கோழிக் கூடையோ, ஏற்ற முடிந்தவரை ஏற்றிக்கொண்டு அது தெமோதரை வளைவைச் சுற்றி மேலேறும். பேருந்து நடத்துநர் முணுமுணுப்பாரேயன்றித் தராசு வைத்து நிறுக்கமாட்டார். இவ்வாறு முழு இரவும் பயணஞ்செய்து கட்டுநாயக்காவை அடையும் மனிதர், தம் வாழ்நாளில் முதன்முதலாகப் பெட்டியை நிறுத்தும் அளந்தும் பார்க்கும் ஒரு வாசலின் முன்னே நிற்கிறார். அங்கேதான் கடையிலே வாங்கிய அட்டையும், அயலார் சொன்ன வார்த்தையும் பரீட்சைக்கு வருகின்றன.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பயணி தம் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பைக்கு, உலகம் முழுவதுக்கும் பொதுவான சட்ட அளவு என்று ஒன்று கிடையாது. 1929இல் உருவான வார்சோ உடன்படிக்கை, விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பொதியையும் பயணி தாமே பொறுப்பேற்று வைத்திருக்கும் பொருள்களையும் வேறுபடுத்திப் பேசியது. பொருள் தொலைந்தால் நட்ட ஈடு எவ்வளவு என்பதே அதன் கவலை. பையின் நீள அகலம் அன்று. அதன் இடத்துக்கு வந்த 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும் அங்குலக் கணக்குக்குள் இறங்கவில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 56 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 25 தடிப்பு என்று ஒரு பொது வழிகாட்டியைச் சொல்கிறது. சங்கத்தின் சொல் ஆலோசனை மாத்திரமே. விதி செய்பவர் அந்தந்த விமான நிறுவனத்தார்.

அவர்களுடைய விதிகளோ ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. எமிரேட்ஸ் நிறுவனம் சாதாரண வகுப்புப் பயணிக்கு 55, 38, 22 சென்ரிமீற்றர் என்று கூறும். ஏயார் ஏசியா 56, 36, 23 என்கிறது. முன்னதற்காகத் தைத்த பை பின்னதற்கு அகலத்திலே 2 சென்ரிமீற்றர் மிஞ்சும். பின்னதற்காகத் தைத்தது முன்னதற்கு நீளத்திலும் தடிப்பிலும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் மிஞ்சும். இரு விரல் தடிப்பும் இல்லாத இந்த வேற்றுமையைக் கண்டு சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. 2015 யூன் மாதத்தில் மேற்சொன்ன சங்கமே இதற்கொரு முடிவுகாண எண்ணி, 55, 35, 20 என்ற அளவொன்றை எல்லா விமானங்களுக்கும் பொருத்தமானதென்று முன்வைத்தது. இருக்கும் பைகளை எறிந்துவிட்டுப் புதிய பை வாங்கச் சொல்கிறார்கள் என்று அமெரிக்காவிலே பெருங் கூக்குரல் எழுந்தது. அதே மாதத்திலேயே யோசனை நிறுத்திவைக்கப்பட்டது. யோசனை நின்றதே ஒழியச் செய்தி நிற்கவில்லை. ‘உலகம் முழுவதும் இனி இதுதான் அளவு’ என்று அன்று வெளியான செய்தியைப் பிரதிபண்ணியவர்கள், அது கைவிடப்பட்ட செய்தியைப் பிரதிபண்ண மறந்துவிட்டார்கள். பொய்ச் செய்தியைவிட இத்தகைய காலாவதியான மெய்ச் செய்தி அபாயமானது. ஒரு காலத்தில் அது மெய்யாக இருந்தமையால், அதன் முகத்திலே இன்னும் மெய்யின் களை இருக்கிறது.

இனி அட்டையிலுள்ள 20 அங்குலத்துக்கு வருவோம். 20 அங்குலம் என்பது ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர். 55க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் பெட்டி செய்வோர் பல வேளைகளில் உடற்பகுதியை மட்டும் அளந்து எண்ணைப் போடுகிறார்கள். விமான நிறுவனத்தாரோ சக்கரம், கைப்பிடி, வெளிப்புறச் சிறு பை எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறார்கள். சக்கரமும் பிடியும் நாலைந்து சென்ரிமீற்றரை விழுங்கிவிடும். முன்புறப் பையிலே ஒரு துவாயைத் திணித்துவிட்டால் தடிப்பும் மீறிவிடும். வாசலிலே நிறுத்தியிருக்கும் இரும்புச் சட்டம் அட்டையைப் படிப்பதில்லை.

இவ்வளவும் நீள அகலத்தைப் பற்றியது. எம்மவர்க்கு உண்மையான இடர் அளவிலன்று, நிறையிலே இருக்கிறது. கைப்பேசியிலே உலாவும் பிரயாண அறிவுரைகளில் பெரும் பங்கு அமெரிக்காவிலே பிறந்தவை. ஆங்கிலத்திலே பேசப்பட்டு, பின்னர் யாரோ ஒருவரால் தமிழிலே திருப்பிச் சொல்லப்பட்டு, ஊவாவின் மலைச்சரிவு வரை வந்து சேர்கின்றன. அந்த நாட்டின் பெரிய நிறுவனங்கள் 22, 14, 9 அங்குலம் என்ற அளவைச் சொல்லும். கைப்பைக்கு நிறை எல்லை விதிப்பதில்லை. ஆகவே அங்குள்ள அறிவுரையாளர், ‘கனமான பொருள்களை எல்லாம் கைப்பையிலே வையுங்கள், யாரும் நிறுக்கமாட்டார்கள்’ என்று சொல்வது அவர் நாட்டுக்குப் பொருந்தும். ஆனால் இலங்கையிலிருந்து கிழக்கேயும் மேற்கேயும் பறக்கும் நிறுவனங்களிற் பல சாதாரண வகுப்பிலே 7 கிலோகிராமையே அனுமதிக்கின்றன. ஸ்ரீலங்கன் விமான சேவையின் கணக்கும் அதுவே. அந்த அறிவுரையை நம்பிய பெண் தன் கைப்பையிலே தேயிலைப் பொதிகளையும், மாவையும், கருவாட்டையும் அடுக்குகிறாள். ‘பத்துக் கிலோ வரைக்கும் ஒன்னும் சொல்லமாட்டாங்க அக்கா, நான் போனப்ப அப்படித்தான் போனேன்’ என்று முன்னர் போய்வந்த ஒருத்தி சொன்ன வார்த்தையும் துணைக்கு நிற்கிறது. அவள் சொன்னதும் பொய்யன்று. அன்றைக்கு விமானத்திலே இடமிருந்திருக்கும்; அல்லது அதிகாரி களைத்திருப்பார். ஒருநாளின் அதிர்ஷ்டம் மறுநாளின் விதியாகிவிடுமா?

7 கிலோகிராம் என்பது பழைய கணக்கிலே 15½ றாத்தலுக்குச் சற்றுக் குறைவு. வெறும் சக்கரப் பெட்டியே 2½ முதல் 3 கிலோ வரை இருக்கும். மிஞ்சுவது 4 கிலோ. 400 கிராம் தேயிலைப் பொதிகளிலே பத்தை வைத்தால் கணக்கு முடிந்தது. மாற்றுடைக்கும் மருந்துக்கும் இடமில்லை. சக்கரத்துக்கும் மினுக்குக்கும் விலைகொடுத்து வாங்கிய பெட்டி, அவளுக்குரிய அனுமதியிலே பாதிக்குக் கிட்டத் தின்றுவிடுகிறது. அரைக் கிலோவும் தேறாத துணிப்பை ஒன்று அவளுக்கு மேலான ஊழியஞ் செய்யும். ஆனால் துணிப்பையோடு வெளிநாடு போவது மரியாதையல்ல என்ற எண்ணம் எங்கள் தோட்டங்களிலே வேரூன்றிவிட்டது. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. மூட்டையோடு வந்தவர்களின் பேர்த்தி பெட்டியோடு போக விரும்புவது இயல்பே.

தராசின் முன் நிற்பது அப்பெண்ணுக்குப் புதிதென்றும் சொல்லிவிட முடியாது. கொழுந்து பறிப்பவளின் வாழ்க்கையே தராசிலே தொங்கும் வாழ்க்கை. பகற்பொழுதிலே இரண்டு மூன்று முறை நிறுவை நடக்கும். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து கொடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த நிறையிலிருந்தும் பைக்கென்று சில, இலையின் ஈரத்துக்கென்று சில எனக் கழிவு போகும். கழிவு நியாயமானதா என்ற வழக்கு தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. எவ்வாறாயினும், தோளிலே தொங்கும் சுமையின் நிறையைத் தராசு காட்டுமுன்னரே அரைக் கிலோ பிசகாமல் சொல்லக்கூடியவள் அவள். விமானநிலையத்துக் கருமபீடத்திலே 7க்கு மேல் முள் போகுமென்பதை அவளுடைய தோள் முன்னமே அறியும். தோள் அறிந்ததைச் செவி மறுத்துவிட்டது; ‘ஒன்றும் சொல்லமாட்டார்கள்’ என்ற வார்த்தை அவ்வளவு இனிமையாக இருந்தது.

பிறகு நடப்பதைக் கண்டவர்கள் பலர். மேலதிக நிறைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். விமானநிலையத்திலே கேட்கும் கட்டணத்தில் ஒரு கிலோவின் விலையே தோட்டத்தின் ஒரு நாட்கூலியை மீறிவிடுவது வழக்கம். கையிலே இருக்கும் பணம் போய்ச் சேரும் இடத்தில் முதல் மாதத்துக்கென்று கடன்பட்டு வாங்கியது. வரிசை பின்னால் நீளுகிறது. அவள் தரையிலே அமர்ந்து, முன்பின் அறியாதார் பார்த்துநிற்கப் பெட்டியைத் திறக்கிறாள். எதனை எறிவது? தாய் இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூளையா, பக்கத்து லயத்தார் தம் மகளுக்கென்று கொடுத்துவிட்ட பொதியையா, போர்வையையா? உடன் வந்தவர் வெளியிலே காத்திருந்தால் அவரிடம் சேர்ப்பிக்கலாம். பெரும்பாலும் அவர்கள் பதுளைப் பேருந்தைப் பிடிக்கப் போயிருப்பார்கள். பொருள்கள் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. வாரமொருமுறை நாடு நாடாகப் பறக்கும் வணிகர்க்கு இது ஒரு கதை. இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு வீட்டை விட்டுப் போகிறவளுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகும் கடைசிப் பொருள் அது.

பிரயாணத்தைப் பற்றிய பிசகான வார்த்தை இம்மக்களுக்கு இன்றைக்கு வந்த புதுமையன்று. அவர்களுடைய வரலாறே அத்தகைய வார்த்தையொன்றிலே தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சென்ற கங்காணிமார், இலங்கையிலே தேயிலைத் தூரின் கீழே தேங்காயும் மாசியும் கிடக்குமென்று ஆசைகாட்டி ஆள்சேர்த்தார்கள் என்பது மலையகத்தார் ஒவ்வொருவரும் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த பேச்சு. கங்காணியின் வார்த்தைக்கு ஒரு வலிமை இருந்தது. அவர் அந்நியரல்லர், அதே ஊரார், பல வேளைகளில் உறவினர், தாமே போய்வந்தவர். ‘நான் போய்வந்தேன்’ என்பதைவிடப் பெரிய சான்று ஏழை வீட்டிலே கிடையாது. இன்று கைப்பேசிப் படத்திலே ஒருவர் விமானநிலையத்தின் முன் நின்று பேசும்போதும் அதே சான்றைத்தான் காட்டுகிறார்.

அக்காலத்துப் பயணத்திலே மூட்டைக்கு அளவில்லை. ஏனெனில் மூட்டையே பெரிதாக இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, மண்டபம் முகாமிலே மருத்துவச் சோதனை முடித்துக் கூட்டங்கூட்டமாக ஏற்றப்பட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து அவர்களுக்குத் தகரத் துண்டு ஒன்று கொடுக்கும் முறை இருந்தது. எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் குறியும் இலக்கமும் அதிலே பொறித்திருக்கும். தகரத் துண்டைக் காட்டினால் வழிச்செலவில்லாமல் உரிய தோட்டத்திலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இன்றைக்கு நாம் பெட்டியின் பிடியிலே ஒட்டும் சீட்டு என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையை அந்தத் தகரம் செய்தது. அக்காலத்திலே சீட்டுக் கட்டி அனுப்பப்பட்ட பொதி மனிதர்தாம்.

திரும்பிப் போகும் பயணத்திலே மூட்டைக்கும் விதி வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் வகுத்தது. ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் குடும்ப அட்டையோடு புறப்பட்டன. புகையிரதத்திலே தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கின. அந்த ஒப்பந்தத்திலே சொத்தைப் பற்றிய ஒரு வாசகம் உண்டு. சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க சொத்தின் உச்ச எல்லை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது. இருமுறை படித்தால்தான் இதன் பொருள் விளங்கும். 4,000 என்பது எல்லையன்று. எல்லைக்கு இட்ட அடித்தளம். கற்றோரையே தயங்கச்செய்யும் இத்தகைய வாசகம் லயத்து வாசலுக்கு வந்துசேரும்போது என்னவாகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அக்கரையிலே வீடும் வேலையும் காத்திருக்கின்றன என்ற பேச்சும் அதனோடு கலந்து பரவியது. 1968இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் நீலகிரியிலே ஒரு பகுதியினருக்கு வேலை தந்தது உண்மை. வேறு பலருக்கு முன்பின் அறியாத ஊரும் அறியாத தொழிலுமே வாய்த்தன. கப்பற் சேவை 1984இலே நின்றது.

விதி ஒருபுறம் விளங்காத மொழியிலே இருக்க, மறுபுறம் விளங்கும் மொழியிலே வதந்தி இருக்குமானால், மக்கள் எதனை ஏற்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. விமான நிறுவனங்களின் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே கிடக்கின்றன; தமிழிலே கிடைப்பது அறிவுரை மாத்திரம்.

அவ்வறிவுரையும் எவ்வளவு நுட்பமாக வழுக்கிவிடக்கூடும் என்பதற்கு ஒரு சிறு உதாரணம் காட்டுகிறேன். கசகசாவை அரபு நாடுகளுக்குக் கொண்டுபோகாதே என்று தமிழ்நாட்டார் எச்சரிப்பார்கள். எச்சரிக்கை சரியானது, அபினிச் செடியின் விதையாதலால் ஐக்கிய அரபு அமீரகத்திலே அது தடைசெய்யப்பட்ட பொருள், வைத்திருப்பவர் சிறை செல்ல நேரும். ஆனால் இலங்கைக் கடைகளிலே சர்பத்துக்கும் பலூடாவுக்கும் போடும் கறுப்பு விதையையும் கசகசா என்றே சொல்கிறோம். அது திருநீற்றுப்பச்சை இனத்தின் விதை, வேறு பொருள். பெயர் ஒன்றாயிருப்பதால், இங்குள்ளவர் அதனைக் கண்டு அஞ்சலாம். அல்லது ‘எங்கள் கசகசாவுக்குத் தடையில்லை’ என்று கேட்ட ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்த மசாலைப் பொதியை அச்சமின்றி எடுத்துப் போகலாம். முன்னதிலே நட்டம் ஒரு கோப்பைச் சர்பத்து. பின்னதிலே நட்டம் சில வருடங்கள்.

திரவப் பொருள்களின் விதியும் அப்படியே. 2006இலே இலண்டனில் ஒரு சதி வெளிப்பட்டதன் பின்னர், கைப்பையிலே 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட குப்பி ஆகாதென்ற விதி உலகெங்கும் பரவியது. புதிய கருவிகள் பூட்டிய சில ஐரோப்பிய விமானநிலையங்கள் அதனைத் தளர்த்தின. 2024இலே தளர்த்தியவை மீண்டும் இறுக்கின. 2025இலே சில கருவிகளுக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது. ‘விதி நீங்கிவிட்டது’ என்ற செய்தி ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு நிலையத்துக்கு உண்மையே. நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்துக் கட்டுநாயக்காவிலே நிற்பவளுக்கு அந்த உண்மையால் என்ன பயன்?

இங்கே ஆசிரியர்களை நோக்கி ஒரு வார்த்தை. தோட்டப் பாடசாலை ஆசிரியரிடம் கடிதம் படிக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் வந்த காலம் போய்விட்டதென்று நினைக்கவேண்டாம். இன்று அவர்கள் கொண்டுவரவேண்டியது விமானச் சீட்டின் பிரதி. அதிலே பயணப் பொதி என்ற வரிக்கு எதிரே ஓர் எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். 30 என்ற எண்ணோடு ‘கே’ என்ற எழுத்து நின்றால் 30 கிலோகிராம் ஒப்படைக்கலாம் என்று பொருள். 1 அல்லது 2 என்ற எண்ணோடு ‘பீ.சீ.’ என்று நின்றால் அது பெட்டிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெட்டிக்கும் நிறை எல்லை தனியே உண்டு. இரண்டையும் மயக்கிக்கொண்டு, இரு பெட்டிக்கு அனுமதியுள்ளவர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலே அடைத்து வந்து தவிப்பது அடிக்கடி நிகழ்வது. கைப்பையின் கணக்கு அந்தச் சீட்டிலே சில வேளை இருக்கும், சில வேளை இராது. இல்லாவிடின் சீட்டிலே பெயரிட்ட நிறுவனத்தின் சொந்த அறிவித்தலைப் பார்க்கவேண்டும். வழியிலே விமானம் மாறுமாயின் இரண்டாவது நிறுவனத்தின் அறிவித்தலையும் பார்க்கவேண்டும். முதலாவதிலே புகுந்த பை இரண்டாவதிலே தடுக்கப்படுவதுண்டு. முகவர் ‘அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், எழுதித் தரும்படி கேட்கலாம். வாய்வார்த்தைக்கு உள்ள துணிவு கடதாசியிலே பெரும்பாலும் இராது.

வீட்டிலே தராசில்லை என்ற சாக்கும் செல்லாது. கொழுந்து மடுவத்துத் தராசிலோ, கடைவீதி அரிசிக் கடையிலோ பெட்டியைத் தூக்கி வைத்துப் பார்க்கலாம். அளவு பார்க்கத் தையற்காரரின் நாடாவே போதும். சக்கரத்தின் அடியிலிருந்து பிடியின் நுனிவரை பிடித்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. எல்லாம் சரியாயிருந்தும், விமானத்தின் மேற்றட்டு நிறைந்துவிட்டால், ஏறும் வாயிலிலேயே கைப்பையை வாங்கி அடித்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பறக்கும் ஏ.ரீ.ஆர். போன்ற சிறு விமானங்களிலே மேற்றட்டே சிறிது. அவ்வேளையிலே பதறாமல் பையைத் திறந்து நான்கு பொருள்களை வெளியே எடுத்துக்கொள்ளவேண்டும்: கடவுச்சீட்டும் வேலை ஒப்பந்தமும் ஒன்று, மருந்து ஒன்று, பணம் ஒன்று, கைப்பேசிக்கு மின்னூட்டும் மின்கலம் ஒன்று. கடைசியது தீப்பற்றும் இயல்புடையதாதலால் அடித்தளத்திலே வைக்கப்படக் கூடாது. இந்நான்கையும் ஒரு சிறு துணிப்பையிலே கட்டிப் பெட்டியின் மேற்புறத்திலே வைத்திருந்தால், கேட்ட கணத்திலே எடுத்துத் தோளிலே மாட்டிக்கொள்ளலாம்.